மருந்துச் சோதனைக்கு இந்தியாவா, சீனாவா?

புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க எந்த நாட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தாலே, அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கணக்கில் இப்போது பெரிய வித்தியாசம் கிடையாது. இந்தியாவில் 2019 விதிகளின்படி 90 வேலை நாள். இங்கேயே கண்டுபிடித்த மருந்தென்றால் 30. சீனாவில் 2018 முதல் பொதுவாக 60 வேலை நாள், அதற்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஆரம்பித்துவிடலாம்.

சூடு கண்ட பூனை கதைதான் இரண்டு நாட்டிலும். ஆனால் சூடு பட்ட இடம் வேறு.

சீனாவில் பட்டது தரவில். 2015 ஜூலையில், நிலுவையில் இருந்த 1,622 மருந்து விண்ணப்பங்களின் சோதனைத் தரவுகளை நீங்களே சரிபாருங்கள், பொய் இருந்தால் தண்டனை என்று மருந்து ஆணையம் கம்பெனிகளுக்குச் சொன்னது. பெரும்பாலானவற்றைக் கம்பெனிகளே திரும்பப் பெற்றுக்கொண்டன!

இந்தியாவில் பட்டது, சோதனைக்கு வருகிறவர்களிடம் வாங்கும் ஒப்புதலில். அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். தடுப்பூசியால் இறந்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் கம்மத்தில் பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது தெரியவந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு ஒப்புதலை வீடியோவில் பதிவு செய்யும் முறை வந்தது. அப்புறம் அதைத் தளர்த்தினார்கள். இப்போது முற்றிலும் புதிய மூலக்கூறைச் சோதிக்கும்போது, எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களுக்கு மட்டும்தான் வீடியோ கட்டாயம்.

ஒப்புதல் வாங்கும் அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்டாண்டில் ஒரு கேமரா. படிவத்தைத் தமிழில் பக்கம் பக்கமாக வாசித்து விளக்குகிறார்கள். எதிரே இருக்கும் பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "உடம்புக்கு ஒத்துக்கலைன்னா பாதியில நிறுத்திக்கலாமாம்மா?" "எப்ப வேணா நிறுத்திக்கலாம் ஐயா, உங்க வைத்தியம் நிக்காது." அதன் பிறகுதான் கைநாட்டு. இதில் போகும் நேரத்தைச் செலவுக் கணக்கில் எழுதிப் புலம்பும் ஸ்பான்சர்கள், அதாவது சோதனையை நடத்தும் கம்பெனிகள், உண்டு. எனக்கென்னவோ இதுதான் இந்தியாவின் பலமாகப் படுகிறது. அதோடு, சோதனையால் மரணம் நேர்ந்தால், 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்து இழப்பீடு கணக்கிட ஒரு சூத்திரமே விதியில் இருக்கிறது.

சீனாவின் பலம் வேறு. பெரிய நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனைகளில் சோதனைக்கு வேண்டிய நோயாளிகள் சீக்கிரம் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி என்றால், ரத்த மாதிரியை நாட்டை விட்டு வெளியே எடுக்க மனித மரபியல் வளங்களுக்கான தனி அனுமதி வேண்டும். சரி, அதையும் தாண்டியாயிற்று என்றே வைப்போம். நுரையீரல் புற்றுநோய்க்கான சின்டிலிமாப் என்ற சீன மருந்து 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஆணையத்தின் ஆலோசனைக் குழு முன் வந்தபோது, சீனாவில் மட்டும் நடந்த சோதனை போதாது என்று 14 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர். வேறு மருந்தோடு ஒப்பிட்ட விதத்திலும் பிரச்சினை: சீனச் சோதனையில் ஒப்பீட்டுக்கு வைத்தது வெறும் கீமோதெரபி, அமெரிக்காவிலோ அதற்குள் நோயெதிர்ப்புச் சிகிச்சையே வழக்கமாகிவிட்டிருந்தது.

 

என்னைக் கேட்டால், புற்றுநோய் மருந்தின் முதல் கட்டத்தை, அதாவது சிலரிடம் மட்டும் பாதுகாப்பைப் பார்க்கும் சோதனையை, சீனாவில் முடித்துக்கொள்வேன். நிறையப் பேரிடம் பலனை ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்றாம் கட்டத்துக்கு இந்தியாவையும் இன்னும் இரண்டு மூன்று நாடுகளையும் சேர்ப்பேன், அமெரிக்காவில் விற்க வேண்டுமென்றால் அமெரிக்க நோயாளிகளையும்.