எட்டுப் பெட்டியா, கப்பலா? கிளிநொச்சியில் இருந்து கனடாவுக்கு வீடு மாறுதல்

அக்கா குடும்பத்துக்கு விசா வந்த கிழமையே வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் கப்பலில் போடுவோம் என்றார் அத்தான். விமானச் சரக்கில் அனுப்பினால் ஒரு கிழமையில் போய்ச் சேரும் என்றார் லண்டனில் இருக்கும் சித்தப்பா. "வித்துப்போட்டு வெறுங்கையோட வாங்கோ, இஞ்ச எல்லாம் கிடக்கு" என்றாள் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. கிணற்றடியில் இருந்து அம்மியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் அர்த்தம்.

நான் பரந்தனில் ஒரு நெல் களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறவன். நிறையும் கன அளவும்தான் என் பிழைப்பு. எனவே ஒவ்வொரு வழியையும் நிறுத்து, அளந்து, கணக்குப் பார்த்தேன்.

ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். வன்னியில் வீடு மாறத் தெரியாதவர் யாரும் இல்லை. 2008 கடைசியில் போரால் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது கூரை ஓட்டைக் கழற்றி, பாலை மர நிலையைப் பெயர்த்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, புதுமாத்தளனுக்குப் போய்ச் சேரும்போது கையில் இருந்தது ஒரு சொப்பிங் பை. அதற்குப் பிறகு இங்கே இரண்டு வகை ஆட்கள். ஒரு ஆணியையும் விட்டுவிட மனம் வராதவர்கள் ஒரு வகை, எதிலும் ஒட்டாதவர்கள் மற்ற வகை. அத்தான் முதல் வகை, மச்சாள் இரண்டாவது. கனடாப் பயணத்துக்கு இரண்டு புத்தியும் உதவாது. கணக்குத்தான் உதவும்.

கையோடு போகும் பெட்டி

கனடாவுக்குப் போகும் பெரும்பாலான விமானங்களில் சாதாரண வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. மலிவு டிக்கெட் என்றால் ஒன்றுதான் இருக்கும், எனவே வாங்குவதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அக்கா, அத்தான், பிள்ளைகள் இருவர். எட்டுப் பெட்டி, 184 கிலோ. கைப்பை தனி.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 75 × 50 × 33 அளவுப் பெட்டி எட்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீற்றர். கப்பலில் மற்றவர்களின் சாமானோடு சேர்த்து அனுப்பும்போது வழக்கமாக அறவிடும் ஆகக் குறைந்த அளவும் அதே ஒரு கன மீற்றர்தான். அதாவது, கப்பலில் காசு கட்டி வாங்கும் இடத்தின் அளவு இடம் டிக்கெட்டோடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. கட்டுப்பாடு நிறையில்தான்.

இடம் போதாவிட்டால் விமான நிறுவனத்திடம் மேலதிகமாக ஒரு பெட்டிக்கு முன்கூட்டியே பதிவது அடுத்த படி. விமான நிலையத்தில் வைத்துக் கட்டினால் விலை ஏறும். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் எவ்வளவு காசு கொடுத்தாலும் ஏற்ற மாட்டார்கள், தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த எல்லை அது. ஒன்றோ இரண்டோ பெட்டிதான் கூடுகிறது என்றால் சரக்கு முகவர் பக்கமே போகவேண்டியதில்லை. கூடவே வந்து, கூடவே சுங்கத்தைக் கடந்துவிடும்.

விமானச் சரக்கு

சித்தப்பாவின் யோசனையில் ஒரு பொறி இருக்கிறது. விமானச் சரக்கில் தராசு காட்டும் நிறைக்கு மட்டும் காசு இல்லை. பெட்டியின் மூன்று அளவையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது கன நிறை. அதற்கும் உண்மை நிறைக்கும் இடையில் எது கூடவோ அதற்குத்தான் காசு. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள், அப்போது இன்னும் கூடும்.

அக்கா தலையணையும் போர்வையும் போட்டுக் கட்டிய பெட்டியை அளந்தேன். 60 × 50 × 50. தராசில் 7 கிலோ. கணக்கில் 25 கிலோ. பஞ்சை அனுப்பி இரும்புக்குக் காசு கட்டுகிற வேலை. அதற்கு மேல் மறுமுனையில் சரக்குக் கிடங்குக்குப் போய், சுங்கப் பத்திரம் முடித்து எடுக்க வேண்டும், அந்தக் கட்டணம் வேறு. பாடப்புத்தகம், அவசர மருந்துக் கருவி போன்ற சின்ன, கனத்த, உடனே தேவைப்படும் பொருளுக்கு இது சரி. வீட்டுச் சாமானுக்கு இதுதான் மூன்றிலும் மோசமான தெரிவு என்பேன்.

கப்பல்

அத்தான் முதலில் கேட்டது முழுக் கொள்கலன். இருபது அடிக் கொள்கலனின் உள்ளே ஏறத்தாழ 33 கன மீற்றர் இடம். எங்கள் வீட்டில் உள்ள முதிரைக் கட்டில், அலுமாரி, கதிரை மேசை எல்லாவற்றையும் அடுக்கினாலும் பாதி நிரம்பாது. அது போகட்டும், போய் இறங்குவது மச்சாளின் நிலக்கீழ் அறையில். ஆறடி அலுமாரியை அந்தப் படியால் இறக்கவே முடியாது. கொள்கலன் கதை அன்றே முடிந்தது.

மிஞ்சியது பங்குக் கப்பல், கன மீற்றர் கணக்கு. இங்கே விமானத்துக்கு நேர்மாறான நியாயம். ஒரு கன மீற்றருக்கு ஒரு தொன் வரை நிறையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். கல், பித்தளை, புத்தகம், இரும்பு எல்லாம் கப்பலுக்கு ஏற்ற சாமான். அத்தானின் தாயார் காலால் மிதித்துத் தைத்த மெசினுக்கு இதுதான் பொருத்தமான வழி.

ஆனால் சொல்லும் விலை போய்ச் சேரும் விலை அல்ல. புதுக்குடியிருப்பில் இருந்து போன என் சிநேகிதன் ஒருவன் இதில் நன்றாக மாட்டினான். கொழும்பு முகவர் சொன்ன தொகை துறைமுகத்தில் இருந்து ரொறன்ரோக் கிடங்கு வரைக்கும்தான். அங்கே கொள்கலனைப் பிரிக்கும் கூலி, கையாளும் கூலி, பத்திரக் கட்டணம், தாமதமான நாட்களுக்குக் கிடங்கு வாடகை என்று வரிசையாக வந்தன. ஊரில் இருந்து கொழும்புக்கு லொறிக் கூலி அவன் ஏற்கெனவே கட்டியது. எனவே முகவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "வாசல் வரைக்கும் எவ்வளவு, அங்கே நான் கட்ட வேண்டியது என்னென்ன?" எழுத்தில் வாங்க வேண்டும். வாயால் சொல்கிறவரை விட்டுவிடலாம்.

காலம் இரண்டு மாதம் என்பார்கள், மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போனதில் நாட்கள் கூடின. மரப்பெட்டி அடித்து அனுப்புவதானால் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை உள்ள பலகையாக இருக்க வேண்டும். நம்ம சந்தியில் தச்சர் அடித்துத் தரும் பெட்டி எவ்வளவு உறுதியானாலும் அந்த முத்திரை இல்லாமல் உதவாது. கடதாசிப் பெட்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த வழியானாலும் ஒரு பட்டியல்

சிநேகிதன் மாட்டிய இரண்டாவது இடம் இதுதான், காசைவிடப் பெரிய தலையிடி. நிரந்தர வதிவிடத்தோடு முதல் தடவை கனடாவில் இறங்கும்போது கொண்டுவந்த பொருட்களின் பட்டியலையும், பின்னால் வரப்போகும் பொருட்களின் பட்டியலையும் எல்லை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இரண்டு பிரதி. அதிகாரி அதை வைத்துப் பி.எஸ்.எஃப். 186 என்ற படிவத்தை நிரப்பித் தருவார். அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், கப்பலில் வருவதை அன்றைக்கே சொல்ல வேண்டும். அவன் களைப்பில் "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். மூன்று மாதம் கழித்துச் சாமான் வந்தபோது அது குடியேறுகிறவரின் பாவித்த பொருள் என்று நிறுவ அலைந்தான்.

பட்டியலில் பொருள், பெறுமதி, மின்பொருள் என்றால் தயாரிப்பும் தொடர் இலக்கமும். வருவதற்கு முன்னரே உங்களுக்குச் சொந்தமாக இருந்து, நீங்கள் பாவித்ததாக இருக்க வேண்டும். வரியின்றிக் கொண்டுபோன பொருளைப் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டும்.

நகைதான் நம்மவர் விழிக்கும் இடம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, நகைக்கடையில் மதிப்பீடு வாங்கி, படம் எடுத்து வைக்க வேண்டும். தனிப் பொருள் ஒன்று பத்தாயிரம் கனடா டொலருக்கு மேல் போனால் கூடிய பங்குக்கு வரி உண்டு. இன்றைய பவுண் விலைக்கு ஒரு கனத்த தாலிக்கொடி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். நகை எந்த நாளும் சரக்கிலோ தூக்கிப் போடும் பெட்டியிலோ போகக்கூடாது, கழுத்தில் அல்லது கைப்பையில். காசும் பத்தாயிரம் கனடா டொலர் அளவுக்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் இல்லை, மறைக்கக்கூடாது என்றுதான் சட்டம்.

2009 இல் முள்ளிவாய்க்காலைத் தாண்டிய அந்தச் சொப்பிங் பை இன்னும் அக்காவிடம் இருக்கிறது. பிறப்புப் பதிவு, காணிப் பத்திரம், அண்ணாவின் ஒரே ஒரு படம். அதோடு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் சேர்த்தேன். ஒன்ராறியோவில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி விபரம் கேட்பார்கள். அது கைப்பை. அதில் விவாதம் இல்லை.

எதை எங்கே விடுவது

மின்சாரம் நிறையக் கணக்கை இலகுவாக்கியது. இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். கிரைண்டர், மிக்சி, சோறு சமைக்கும் குக்கர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் இங்கேயே நிற்கட்டும். சின்ன மாற்றி வாங்கி ஓட்டலாம் என்பவரை நம்பாதீர்கள், கிரைண்டர் இழுக்கும் சக்திக்கு மாற்றியே ஒரு பெட்டி நிறை வரும். மச்சாளின் கணவர் அப்படிக் கொண்டுபோன கிரைண்டர் இன்றைக்கு அவர்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. மடிகணினி, கைபேசி சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் கவலை இல்லை.

இதில்தான் லண்டன் சித்தப்பாவின் அனுபவம் நமக்குப் பொருந்தாது. அங்கே நம் வோல்ட்தான், கிரைண்டர் ஓடும். ஆனால் அங்கே பொருளை ஆறு மாதமாவது வைத்துப் பாவித்திருக்க வேண்டும், வரிச்சலுகைக்கு விண்ணப்பம் வேறு போட வேண்டும். சுவிசிலும் ஆறு மாதக் கணக்கு உண்டு. ஒரு நாட்டுச் சொந்தக்காரர் சொல்வதை வைத்து இன்னொரு நாட்டுக்குப் பெட்டி கட்டக்கூடாது.

வறுத்தரைத்த தூள் மூன்று கிலோ, முல்லைத்தீவுக் கருவாடு கொஞ்சம். இறங்கியதும் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட்டால் சரி. விதை, கன்று வேண்டாம். அக்கா பெட்டிக்குள் ஒரு நெஸ்கஃபே போத்தலை உடுப்பில் சுற்றி வைத்திருந்தாள். திறந்தால் வளவு மண். கனடாவுக்கு மண் கொண்டுபோகத் தடை, அத்தானின் மண்வெட்டியில் ஒட்டியிருந்தாலும் தடைதான். சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போத்தலை வாங்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, போத்தலைக் கழுவித் தூளை நிரப்பினாள்.

விற்பதில் மோட்டார் சைக்கிளுக்கு நல்ல விலை வந்தது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஏறிய பாவித்த வாகன விலை அப்போது பெரிதாக இறங்கியிருக்கவில்லை. தளபாடத்துக்கு ஒன்றும் வராது, சொந்தத்துக்குக் கொடுப்பதே மேல். பூட்டி வைத்தால் கறையானுக்குத்தான். காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்டு, அற்றோணித் தத்துவம் (நமக்காக இன்னொருவர் அலுவல் பார்க்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி, பொறுப்பானவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இந்த அலுவலுக்குப் பெட்டி கட்டுவதைவிட அதிக நாள் ஒதுக்குங்கள்.

கடைசியில் கப்பல் வேண்டுமா இல்லையா என்பது இரண்டு பொருளில் வந்து நின்றது. தையல் மெசினும் அம்மியும். மெசினின் மேசையைப் பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்து, தலைப்பாகத்தை மட்டும் கழற்றினோம், 12 கிலோ 400. பெட்டிக்குள் போனது. அம்மி 34 கிலோ. விமானத்தில் 32 கிலோவுக்கு மேல் ஏறாது. ஒரு அம்மிக்காக முழுக் கன மீற்றருக்குக் காசு கட்டுவதா? ஸ்காபரோத் தமிழ்க் கடையில் கல் அம்மி விற்கிறார்கள் என்று மச்சாள் சத்தியம் செய்தாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் பெட்டிகளைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். ஏழு சரி. எட்டாவது 26 கிலோ காட்டியது. திறந்து பார்த்தால் சேலைகளுக்கு நடுவில் அம்மிக் குழவி. அதை எடுக்க அக்கா விடவில்லை, இரண்டு சேலையும் அத்தானின் சப்பாத்தும்தான் வெளியே வந்தன.

அம்மி இங்கே இருக்கிறது. அம்மா பரந்தன் சந்தையில் வாங்கிய புதுக் குழவியால் அரைக்கிறார். கைக்கு அடங்கவில்லை என்று நாள்தோறும் எனக்குத்தான் ஏச்சு.