பெயிண்டைக் காக்கும் கட்டு: பாலியூரித்தேன் பட்டையுடன் ஆறு மாதம்

காற்றடிக்கும் பம்பைத் தாங்கியிருந்த நைலான் டேக்கை (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டியை) ஒரு நாள் வெட்டி எடுத்தபோது, சைக்கிளின் கீழ்க்குழாயில் வளையம் போட்டது போல ஒரு கோடு தெரிந்தது. கரும்பச்சைப் பெயிண்டின் பளபளப்பு அந்த வளையம் முழுவதும் மங்கிப் போய், ஓரிடத்தில் கடுகளவுக்கு இரும்பே வெளிப்பட்டு, அதன்மேல் துருவும் பூத்திருந்தது. டேக்கை நான் தளர்வாகக் கட்டியிருக்கவில்லை. பல்லைக் கடித்து இழுத்து இறுக்கி, வாலை நறுக்கித்தான் விட்டிருந்தேன். சென்னையில் கடலுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவன் கடுகளவு துருவையும் அலட்சியம் செய்ய முடியாது என்பதால், அந்த வாரமே பாலியூரித்தேன் பட்டைகள் இரண்டை இணையத்தில் வாங்கினேன்.

பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கென்று வந்த இவ்வகைப் பட்டை, இன்று சைக்கிள்காரர்களிடமும் பரவலாகப் புழங்குகிறது. நான் வாங்கியது ஏறக்குறைய 2 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் கொண்டது, இடுப்பு பெல்ட்டைப் போல வரிசையாகத் துளைகளும், ஒரு முனையில் நைலான் கொக்கியும் இருக்கின்றன. இழுத்தால் சற்று நீண்டு, விட்டதும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் அதன் குணத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். நைலான் டேக்குக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பம்பு மயிரிழை அளவு அசைய, அந்த இடுக்கில் தூசி புகுந்து, பிறகு அந்தத் தூசியே உப்புத்தாளாக மாறிப் பெயிண்டைத் தேய்க்கிறது. என் குழாயில் இருந்த வளையம் அப்படி விழுந்ததுதான்.

பட்டையை மட்டும் நம்பியதிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முதல் மாதம் வெறும் பெயிண்டின்மேலேயே கட்டி, மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வந்தேன். மாலையில் அவிழ்த்துப் பார்த்தால் பட்டையின் உட்புறம் முழுவதும் பொடிமணல் அப்பிக்கிடந்தது. அசைவைப் பட்டை குறைக்கிறதே தவிர, ஈரத்தோடு வரும் மணலை அதனால் தடுக்க முடிவதில்லை. ஆகவே அடியில் ஏதாவது ஒன்று வேண்டும்.

அந்த ஏதாவது ஒன்றைத் தேடி முதலில் போனது தெருமுனைப் பஞ்சர் கடைக்கு. கிழிந்த பழைய ட்யூபில் ஒரு முழம் கேட்டால் அங்கே காசு வாங்க மாட்டார்கள். அதன் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை மாவைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, குழாயை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, அதன்மேல் பட்டையைக் கட்டினால் பம்பைக் கையால் முறுக்கினாலும் நகர்வதில்லை. வெள்ளை அல்லது வெளிர் நிறச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது: கறுப்பு ரப்பர் நாளடைவில் பழுப்புக் கறையை விடும், அந்தக் கறை துடைத்தும் போவதில்லை.

அவர்களுக்கு ஏற்றது, கார்களுக்கு ஒட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படலம். அதுவும் பாலியூரித்தேன்தான், ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்கப் பயன்பட்டதால் ஹெலிகாப்டர் டேப் என்ற பெயரும் அதற்கு உண்டு. கார் ஸ்டிக்கர் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டே சைக்கிளுக்குப் போதுமானது. குழாயை நன்றாகத் துடைத்து, சோப்பு நீர் தெளித்து, படலத்தை வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் நீரை வழித்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பிறகே அதன்மேல் எதையும் கட்ட வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் மினுங்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கொக்கியைப் பற்றி ஒரு சொல். அதன் விளிம்பு கெட்டியானது என்பதால், கட்டும்போது அது குழாயின்மேல் படியாமல் பம்பின்மேல் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பெட்டியில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மிஞ்சும் வால் காற்றில் படபடத்து ஃபிரேமைத் தட்டுவது இன்னொரு தொல்லை. கையாலேயே அவிழ்க்க முடிவதும் ஒரு வகையில் குறைதான். ரயில் நிலையத்தில் வண்டியை விடும் நாட்களில் பம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். விலையும் உறுத்துகிறது. ஒரு பட்டைக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு புது ட்யூபே வாங்கியிருக்கலாம்.

வாங்குவதற்கு முன் உங்கள் ஃபிரேமில் பாட்டில் தாங்கிக்கான திருகுத் துளைகள் சும்மா இருக்கின்றனவா என்று பாருங்கள். 64 மி.மீ. இடைவெளியில் இருக்கும் அந்த இரண்டு துளைகளில், பாட்டில் தாங்கிக்கு அடியிலேயே பம்பின் பிடியையும் சேர்த்து முடுக்கிவிட்டால் பட்டையே தேவைப்படாது. என் வண்டியில் ஒரு ஜோடித் துளைதான் உண்டு. அது ஏற்கெனவே பூட்டின் பிடிக்குப் போய்விட்டது. ஹேண்டில்பார் விளக்குக்கு இந்தக் கவலை குறைவு. அதனுடன் வரும் ரப்பர் துண்டே போதும்.

ஆறு மாதம் முடிந்த நிலையில் பட்டை வெடிக்கவில்லை, துளைகள் விரியவில்லை, ட்யூப் துண்டுக்குக் கீழே புதிய கீறலும் இல்லை. மாதம் ஒரு முறை அவிழ்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடியும் கட்டுகிறேன். பழைய வளையத்தின்மேல் துருவைச் சுரண்டிவிட்டு நகப்பூச்சு தடவியிருக்கிறேன். நிறம் சற்றும் பொருந்தவில்லை.