பழைய காரில் பெட்ரோல் வாடையா? நான் 8,900 ரூபாய் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போங்கள்

திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்குப் பெட்ரோல் வாடை ஒரு செய்தியே இல்லை. ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகள். காற்று திரும்பினால் வீட்டுக்குள்ளேயே வரும். அதனால் என் 2005 மாடல் காரில் வாடை வந்தபோது இரண்டு வாரம் ஊர் மேல் பழி போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை ஏற்றினால் வாடை கூடுகிறது என்பதைக் கண்டுபிடித்தது என் மகள். "வெளிய இல்லப்பா, பின் சீட்டுலேர்ந்துதான் வருது."

இதற்கு நடுவில் ஒரு கூத்து. வாடை போகட்டும் என்று என் மனைவி டேஷ்போர்டில் ஊதுபத்தி ஏற்றி வைத்தாள். வெள்ளிக்கிழமை வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் கால் வைக்கும் பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. வாடை இருக்கிற காரில் ஊதுபத்தி, கற்பூரம், சிகரெட் எதுவும் வேண்டாம்.

சரி, நான் ஏமாந்த மெக்கானிக் கடை விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய போர்டு, ஏசி போட்ட வரவேற்பறை. பெயர் சொல்லப் போவதில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்துவிட்டார். "இப்ப வர்ற பெட்ரோல்ல 20 பர்சன்ட் எத்தனால் சார், பழைய வண்டிய அரிச்சுடும். இன்ஜெக்டர் க்ளீன் பண்ணி பம்ப்ப மாத்திடலாம்." இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுவது; பம்ப் என்பது டேங்க்குக்குள் இருந்து பெட்ரோலை அங்கே தள்ளிவிடுவது.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் வில்லங்கம். 20 சதவீதக் கலவையைத் தாங்கும் பாகங்களோடு கார்கள் பரவலாக வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலிலிருந்துதான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெடலாம். ஆனால் கெட்டது எந்த ரப்பர் என்று பார்க்க வேண்டாமா? வண்டிக்கு அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பம்ப் 6,800, இன்ஜெக்டர் 900, கூலி 1,200. ஆக மொத்தம் 8,900. பழைய பம்ப்பைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு சார்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றே நாள். முன்பு டேங்க் நிரப்பினால் மட்டும் வந்த வாடை, இப்போது பாதி டேங்க்கிலும் பிரேக் அடிக்கும்போதெல்லாம் குப்பென்று அடித்தது. திரும்பப் போனால், "புது பம்ப்பு சார், செட்டாக ரெண்டு வாரம் ஆகும்" என்று பதில். பம்ப் என்ன செருப்பா, போடப் போடச் செட்டாவதற்கு?

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, வியாசர்பாடியில் ஒரு பெரியவரிடம் போனேன். போர்டு கிடையாது, வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வாடை எப்ப வருது தம்பி? டேங்க் ஃபுல் பண்ண அன்னிக்கா, எப்பவுமேவா?"

ஆரம்பத்தில் ஃபுல் டேங்க்கில் மட்டும், முக்கால் டேங்க்குக்குக் கீழே போனால் காணாமல் போகும், பம்ப் மாற்றிய பிறகுதான் எப்போதும் என்றேன். "அப்போ ரெண்டு எடம்" என்று சொல்லிவிட்டு, பின் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகிற ரப்பர் ஹோஸ். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கையால் லேசாக வளைத்ததும் பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி வரி வரியாகப் பிளந்தது. பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டு தொகைக்காக இரண்டு அழுத்து அழுத்துவார்களே, அந்தப் பெட்ரோல் இந்த ஹோஸில்தான் வந்து நிற்கும். அளவு இறங்கினால் ஹோஸ் காலி, வாடையும் குறையும். இவ்வளவுதான் ஆரம்ப நோய்.

இரண்டாவது இடம் பின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, தகர மூடியைக் கழற்றினார். பம்ப்பைச் சுற்றி இருந்த தூசி ஒரு பக்கம் மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் ரிங்கைப் புதிதாகப் போட வேண்டிய இடத்தில், உப்பிப்போன பழைய ரிங்கையே வைத்து மேலே சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். பெட்ரோல் பட்டு அந்தப் பேஸ்ட் பிசின் மாதிரி உரிந்து வந்தது.

பம்ப்பை வெளியே எடுத்தபோதுதான் பெரிய அதிர்ச்சி. அடியில் இருக்கிற வலை ஃபில்டர் புதிதாக இருந்தால் வெள்ளையாக இருக்கும். இது டீ வடிகட்டி நிறத்தில், வருஷக்கணக்கான கசடோடு இருந்தது. பெரியவர் அதை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "மாத்தவே இல்ல தம்பி. கழட்டித் தொடச்சு மாட்டி இருக்கான்." பம்ப் வேலை செய்கிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் ஓடுது, இதுக்கு இன்னா கொறச்சல்?" என்றார்.

கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஹோஸ் 520, சீல் ரிங் 180, இரண்டு கிளிப் 60. அவர் கூலி 700. டேங்க்கை முழுக்க நிரப்பி, கண்ணாடி ஏற்றி, மாதவரம் வரை போய் வந்தேன். வாடை இல்லை.

கழற்றியபோது போனில் எடுத்த பம்ப் படத்தோடு முதல் கடைக்குப் போனேன். "இது உங்க வண்டின்னு எப்படி சார் நம்புறது?" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன், பில் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருப்பது கடை முத்திரை இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'பம்ப் வேலை 8,900' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. சரி, யுபிஐ ரசீதாவது இருக்கிறதே என்று போனைத் திறந்து பார்த்தேன். பணம் போயிருப்பது கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு.