தயாராக வரும் காரா, நாமே பூட்டும் காரா?

ரிமோட் கார் ஓட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். டிராக்ஸஸ் ஸ்லாஷ் பூட்டியே வரும். டாமியா டிடி-02 (TT-02) உதிரிகளாக, நாமே பூட்டும் கிட்டாக வரும். இரண்டும் நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, மின் மோட்டார்.

ஸ்லாஷுக்கு பேட்டரியைச் சார்ஜ் செய்தால் போதும், அன்று மாலையே மண்ணில் ஓட்டலாம். அடிப்படை மாடலில் பின்சக்கர இழுவை, உயரமான சஸ்பென்ஷன், தண்ணீர் புகாத மின்பாகங்கள். மேடு பள்ளத்துக்கு அஞ்சாது.

டிடி-02 தரையோடு ஒட்டி ஓடும், வழவழப்பான தார்த்தளத்துக்கான வண்டி. ரேடியோ, சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்), பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் தனிச்செலவு; பெட்டியின் விலையை மட்டும் பார்த்துவிடாதீர்கள். ஆனால் அதைப் பூட்டும் அந்த இரண்டு மூன்று மாலைகள் இருக்கின்றனவே! டிஃபரன்ஷியலின் குட்டிப் பற்சக்கரங்களுக்கு கிரீஸ் தடவி மூடுகிறோம். ஒரு பக்க அச்சைத் திருகினால் மறுபக்கம் எதிர்த்திசையில் சுழல்கிறது. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் எப்படி வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன என்பது அப்போதுதான் கைக்கே புரியும். கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் கூட்டுக்கு உள்பக்கமாகத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். வெளியே பளபளப்பு அப்படியே நிற்கும். அப்புறம், ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர) முனை ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். சாதாரண பிலிப்ஸ் முனை திருகின் தலையை வழித்துவிடும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் ஸ்லாஷ்தான். பெரியவர்களுக்கு நான் டிடி-02 கிட்டையே சொல்வேன். மோதி உடைந்தால் எந்தத் திருகைக் கழற்ற வேண்டும் என்பது பூட்டியவருக்குத் தெரியும்.