வில்பத்துத் தேனிலவுப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

கடந்த வைகாசியில் வெள்ளவத்தையில் எங்கள் திருமணம் நடந்தது. தேனிலவுக்கு நுவரெலியாவும் வேண்டாம், பெந்தோட்டையும் வேண்டாம், வனவிலங்குப் பூங்காவான வில்பத்துக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று கேட்டவள் நான். வரலாறு கற்பிக்கும் எனக்கு அந்தக் காட்டின் தென்மேற்கில் உள்ள பொம்பரிப்பைக் காண்பது பல்கலைக்கழக நாள்களிலிருந்தே இருந்துவந்த ஆசை. இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த பழைய ஈமக்காடு அங்கே இருக்கிறது; 1970ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் அங்கு அகழ்ந்தெடுத்த தாழிகளைத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் பலர். என் கணவருக்குச் சிறுத்தையும் கரடியும் பார்க்க வேண்டும். இரண்டு பேரின் விருப்பமும் ஒரே இடத்தில் நிறைவேறும் என்று மகிழ்ந்தோம்.

காலி வீதியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண முகவர், காட்டுக்குள்ளேயே உள்ள பங்களாவில் இரண்டு இரவுகள், எங்கள் இருவருக்கும் மட்டுமான ஜீப்பில் ஒரு முழுநாள் சஃபாரி, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, அத்துடன் பழங்கதையில் விஜயனை மணந்த குவேனியின் மாளிகை என்று சொல்லப்படும் இடிபாடுகள், குதிரைமலை, பொம்பரிப்பு ஆகிய மூன்று இடங்கள் என்று சொல்லி 96,000 ரூபாய் கேட்டார். "தங்கச்சி, ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் இதுக்குள்ள அடக்கம்" என்றார். நம்மவர், நம் மொழியில் பேசுகிறார் என்பதற்காகவே முழுத் தொகையையும் அவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வைப்பிட்டோம். அவர் தந்த பற்றுச்சீட்டில் "சுற்றுலாச் செலவு" என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. அதை அப்போதே திருப்பிக் கொடுத்து, என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

புத்தளம் வழியாக அநுராதபுரம் செல்லும் வீதியில் போய், காட்டின் நுழைவாயில் உள்ள ஹுனுவிலகமவுக்குத் திரும்பும் பாதையில் வாகனம் நின்றபோதுதான், எங்கள் "காட்டுப் பங்களா" காட்டுக்கு வெளியே, வயலோரத்தில் உள்ள நான்கு அறை விடுதி என்று தெரிந்தது. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் இருந்தது வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களா. காட்டுக்குள் உள்ள அந்தப் பங்களாக்களைத் திணைக்களத்திடமே முன்பதிவு செய்ய வேண்டும். பதிவு உண்மையானால் அதற்கான சீட்டு இருக்கும். அதைக் காட்டாமல் படத்தை மட்டும் காட்டுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மறுநாள் விடியற்காலையில் வந்த ஜீப்பில் எங்களுக்கு முன்பே நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று அமர்ந்திருந்தது. நுழைவாயிலில், விடுதியிலிருந்து கூட வந்த ஆள், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்று சொல்லி எங்களிடம் 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கருமபீடத்துக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் என் கணவர் விடாமல் கேட்டு வாங்கிய சீட்டில் அதில் பாதித் தொகைகூட இல்லை. கேட்டதற்கு, மிச்சம் "சேவைக்கு" என்றார்.

காடு எங்களை ஏமாற்றவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வில்லு என்று சொல்லப்படும், மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குளம் ஒன்றின் கரையில், வெண்மணலில் ஒரு சிறுத்தை முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. ஜீப்பில் இருந்த குழந்தைகள்கூட மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நிறுத்தமே இல்லை. பழைய அநுராதபுர மன்னன் துட்டகைமுனுவின் மகன் சாலிய இளவரசன், அரசுரிமையைத் துறந்து காதலி அசோகமாலாவுடன் வாழ்ந்த இடம் என்று மரபு சொல்லும் மரதன்மடுவைக்கூட ஜீப் வேகம் குறைக்காமல் கடந்தது. பத்து மணிக்கெல்லாம் மறுபடியும் நுழைவாயிலுக்கே வந்துவிட்டோம்.

சாரதி சிங்களவர்; எங்கள் மனத்தாங்கலைக் கண்டு உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். தனக்கு அரைநாளுக்கு மட்டுமே பணம் தரப்பட்டிருக்கிறது என்றார். குதிரைமலை காட்டின் மறுபுறத்தில், மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது. ஹுனுவிலகம வாயிலால் நுழைந்து அங்கே போய்வர முழுநாள் வேண்டும். பொம்பரிப்புக்குப் புத்தளத்துக்கு வடக்கே உள்ள எலுவன்குளம் வாயில்தான் கிட்ட; அந்தப் பக்கம் கலா ஓயா ஆற்றில் வெள்ளம் வந்தால் போகவும் முடியாது. அரைநாள் ஜீப்பில் இந்த மூன்று இடங்களையும் காட்டுவதாகச் சொன்னவர், முடியாது என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். ஆகவே யாராவது உங்களுக்கு இந்தப் பெயர்களைச் சொன்னால், எந்த வாயிலால் நுழைகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருகிறோம், ஜீப் எங்களுக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவருக்கு முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

அங்கிருந்தே முகவரை அழைத்தோம். "அரைநாள் என்றுதானே பேசினது" என்று சொல்லித் துண்டித்தவர், அதன் பிறகு எங்கள் இலக்கத்தையே தடைசெய்துவிட்டார். இரண்டாம் இரவைத் தங்காமலே கொழும்புக்குத் திரும்பினோம். ஆயத்தம் செய்து கொண்டுபோன என் குறிப்பேட்டில் பொம்பரிப்புக்கென்று ஒதுக்கிய பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. பணத்தைவிட அதுதான் என்னை வருத்துகிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், நுழைவுச் சீட்டு ஆகிய மூன்றையும் இணைத்தோம். அந்த நுழைவுச் சீட்டைக் கேட்டு வாங்கியதால்தான், மிகையாக அறவிட்டதற்கு ஒரு சான்றாவது எங்கள் கையில் இருக்கிறது. முகவர் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்தவரா என்பதையும் நாங்கள் பணம் போன பிறகே விசாரித்தோம். நீங்கள் அதற்கு முன்பே விசாரியுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உறவினர் ஒருவரின் திருமணத்துக்குப் போயிருந்தபோது, மண்டப வாசலில் அதே முகவரின் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தேன். அதே பங்களாப் படம், அதே மூன்று இடங்களின் பெயர்கள். மணமகளின் தங்கை அதில் ஒன்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே அழைத்து இவை எல்லாவற்றையும் சொன்னேன்.