ஒருங்கிணைந்த சேவை மையம்: அனுபவமும் மதிப்பீடும்

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த நேரத்தில், கணவனிடம் அடிபட்டு இடது கையைத் தூக்க முடியாமல் வந்து நின்ற என் சித்தி மகளை அழைத்துக்கொண்டு, டெல்டா மாவட்டத் தலைநகர் ஒன்றில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குச் சென்றேன். எந்த ஊர் என்று எழுதினால் அங்கே பணிபுரிபவர் யாரென்று எளிதில் தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியைக்கொண்டு 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்குமிடம் ஆகியவை ஒரே இடத்தில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தபோது, எந்தக் கிராமம், காயம் உண்டா, குழந்தைகள் உடன் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மையத்துக்கு வழி சொன்னார்கள்.

தங்குமிடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழிவறை சுத்தமாக இருந்தது, கொசு அதிகம். இந்த மையத்தின் உண்மையான மதிப்பு அங்கிருந்த வழக்குப் பணியாளரிடம்தான் இருந்தது. "முதல்ல சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு டீ வாங்கிவரச் சொன்ன அவர், அடுத்ததாக என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் உள்ளே இருந்திருந்தால் தங்கை வாய்திறந்தே இருக்கமாட்டாள் என்பதையும், அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சொன்னவற்றில் பாதி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

அரசு மருத்துவமனையில் தங்கை பழக்கதோஷத்தில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று தொடங்கியபோது, வழக்குப் பணியாளர் அவள் கையைப் பிடித்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார்; 'கணவர் தாக்கியதாகக் கூறுகிறார்' என்று விபத்துப் பதிவேட்டில் பதிவானது. அந்த ஒரு வரி இல்லாமல் பின்னால் எந்த வழக்கறிஞர் வந்தும் பெரிய பயன் இருந்திருக்காது.

குறை தொடங்கியது காவல் நிலையத்தில். தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன; பெண் பெண்ணிடம் சொல்லலாம் என்பது பெரிய வசதிதான். ஆனாலும் நாங்கள் சென்ற நிலையத்தில் முதல் பதில், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடலாம் என்பதாகவே இருந்தது. மூன்று மணி நேரம் எங்களோடு வேப்பமரத்தடியில் காத்திருந்த வழக்குப் பணியாளர், குரலை உயர்த்தாமல், "மேடம், சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுக் குடுத்துடுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதை வாங்கித் தந்தார். முதல் தகவல் அறிக்கை நான்காம் நாள்தான் பதிவானது. தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் அவருக்கு அந்த நிலையத்தில் உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மனு கொடுக்க வந்தவரைப் போலவே அவரும் எழுத்தர் மேசை முன் நிற்க வேண்டியிருக்கிறது.

மும்பையில் 1984இலேயே டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியால், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் காவல்துறை வளாகத்துக்குள்ளேயே அமர்ந்து பெண்களின் புகார்களைக் கேட்கும் சிறப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அமெரிக்க நகரங்கள் பலவற்றின் காவல்துறைகளில் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நின்று, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விளக்கி, நீதிமன்றம் வரை உடன் செல்வதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். விசாரணை எந்த அளவில் உள்ளது என்பதை 90 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. எங்களுக்கு நிலையத்திலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. வழக்குப் பணியாளர்தான் விசாரித்துச் சொன்னார்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அச்சட்டத்தின் கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதித்துறை நடுவரிடம் மனு செய்து, அதே வீட்டில் தொடர்ந்து வசிப்பதற்கான ஆணையைக் கேட்கலாம் என்று சொன்னவரும் அவரே. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எங்களை அனுப்பிவைத்தார்.

மையத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆதார் அட்டை கையில் இல்லையென்று யாரும் பின்வாங்க வேண்டாம், எங்களிடமும் இருக்கவில்லை. முடிந்தால் காலையிலேயே சென்றுவிடுங்கள். மாலையில் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் பணியில் இருப்பவர்கள் மாறிவிட்டதால், தங்கை நடந்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.