பிரெஞ்ச் ஹவுஸா, ஃபிட்ஸ்ராய் டாவர்னா?

லண்டனில் கையில் இருப்பது ஒரே ஒரு மாலை, எழுத்தாளர்களும் ஓவியர்களும் குடித்த பப் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் நான் சோஹோவில் டீன் தெருவின் பிரெஞ்ச் ஹவுஸைத்தான் சொல்வேன். அங்கே போவதா, ஃபிட்ஸ்ராய் டாவர்ன் என்ற இன்னொரு பழைய பப்புக்குப் போவதா என்ற குழப்பம் எனக்கும் வந்து அங்கேதான் போனேன், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

பழம்பெருமையில் சார்லட் தெருவின் ஃபிட்ஸ்ராய் டாவர்ன் குறைந்ததில்லை. ஓவியர்கள் அகஸ்டஸ் ஜான், நீனா ஹாம்னெட், எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் என்று அங்கே ஒரு பட்டியல். பிரெஞ்ச் ஹவுஸில் ஓவியர்கள் பிரான்சிஸ் பேக்கன், லூசியன் ஃப்ராய்ட். கவிஞர் டிலன் தாமஸ் இரண்டு இடத்திலும் குடித்திருக்கிறார், எனவே அவரை வைத்து முடிவெடுக்க முடியாது.

எனக்கு முடிவைத் தந்தது ஒன்றுதான்: தனியாகப் போனால் யாராவது பேசுவார்களா? பிரெஞ்ச் ஹவுஸ் சின்ன அறை, உட்கார இடம் குறைவு, பாதிப்பேர் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். பீர் அரை பைண்டில்தான் தருவார்கள், ஏப்ரல் 1 மட்டும் விதிவிலக்கு. அரை பைண்ட் என்பது 284 மில்லி, அது எவ்வளவு நேரம் தாங்கும்? திரும்பத் திரும்ப கவுண்டருக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் யார் தோளிலாவது இடிக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டதும் பேச்சு தொடங்கிவிடும். பாட்டு இல்லை, டிவி இல்லை, போனை எடுக்கக் கூடாது, வேறு என்னதான் செய்வது! 1914-இல் இந்தப் பப்பை வாங்கியவர் விக்டர் பெர்ல்மோன், அதே ஆண்டு பிறந்த அவர் மகன் காஸ்டோன் 1989 வரை இதை நடத்தினார். இப்படி ஒரு குடும்பத்தின் கையில் நீண்ட காலம் இருந்ததும் அந்த நெருக்கத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஃபிட்ஸ்ராயை நடத்துவது சாமுவேல் ஸ்மித் மதுபான ஆலை. அங்கும் பாட்டு, டிவி, போன் கூடாது. விக்டோரியா காலத்து மரவேலையும் பூவேலைக் கண்ணாடித் தடுப்புகளும் அருமையாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தடுப்புகள்தான் சிக்கல். ஒவ்வொரு கூட்டமும் தன் மூலைக்குள் அடங்கிவிடுகிறது, தனியாக வந்தவர் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு பேராகப் போனால் கதை வேறு, அப்போது நானே ஃபிட்ஸ்ராய்க்குத்தான் வருவேன், முழு பைண்டும் கிடைக்கும்.

சாப்பாடு பற்றி எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. பிரெஞ்ச் ஹவுஸின் மாடியில்தான் சமையல் கலைஞர் ஃபெர்கஸ் ஹெண்டர்சன், லண்டனில் பேர்பெற்ற செயின்ட் ஜான் உணவகத்தைத் தொடங்குவதற்கு முன் சமைத்தார். ஆனால் நான் மாடி ஏறியதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் போகாதீர்கள், வாசலுக்கு வெளியே தெருவில்தான் நிற்பீர்கள்.